ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள்

என் மாமாவின் வேன், மீன் வேன். இரவு இரண்டு மணிக்கு ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு, ஐந்து மணிக்குள் தேக்கா நிலையத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சில சாப்பாட்டுக் கடைகளுக்கும் மீனும் நண்டும் இறாலும் இறக்கிவிட வேண்டும். ஐந்தரை ஆகிவிட்டால் கடைக்காரர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். ஆறாகிவிட்டால் அழைக்கமாட்டார்கள், வேறொருவரிடம் வாங்கிவிடுவார்கள்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒருநாள், பஃபலோ ரோட்டில் திரும்பும்போது வேனின் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. அதே நொடியில் டேஷ்போர்டில் மூன்று விளக்குகள் எரிந்தன. ஒன்று ஸ்டியரிங் படம் போட்டது. இன்னொன்று காற்றுப்பைக்கு உரியது. மூன்றாவது என்னவென்று மாமாவுக்குத் தெரியவில்லை. இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே கதை.

ஒரு பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் மோட்டாரையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும், 2,400 வெள்ளி ஆகும், வேனை மூன்று நாள் விட்டுப் போங்கள் என்றார்கள். பணத்தைவிட அந்த மூன்று நாள்தான் மாமாவை உறுத்தியது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் என்னிடம், “நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? இது என்னான்னு கொஞ்சம் பாரேன்,” என்றார்.

மின், மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். டிரான்சிஸ்டரைப் பற்றித் தேர்வில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால், ஒரு வாகனத்தின் பானெட்டை அதுவரை திறந்ததுகூட இல்லை. நல்லவேளையாக, முதலில் திறக்க வேண்டியது பானெட் அல்ல.

லாஸ் ஏஞ்சலிஸ் புகையில் பிறந்த துவாரம்

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். முழங்காலுக்கு மேலே எங்காவது, 16 துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் தட்டுப்படும். மேல்வரிசையில் எட்டு, கீழ்வரிசையில் எட்டு. இதற்கு ஓபிடி துவாரம் என்று பெயர். ‘வாகனம் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் ஏற்பாடு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

காரை எளிதாகப் பழுதுபார்க்கட்டும் என்று எந்தத் தயாரிப்பாளரும் இதை ஆசையாக வைத்துக் கொடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் காற்று மூச்சுவிட முடியாத அளவுக்குக் கெட்டுப்போனதால், கலிஃபோர்னியா மாநிலம் வாகனப் புகைமீது கை வைத்தது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பழுதானால் கார் தானாகவே விளக்கெரித்துச் சொல்ல வேண்டும் என்ற விதி, அங்கே 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து வந்தது. ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுவாய், தனக்கென ஒரு குறியீடு என்று வைத்துக்கொண்டது. அதனால் 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே வடிவம், ஒரே மொழி என்று கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் இதே விதி வந்தது. இன்று சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் பெரும்பாலான கார், வேன்களில் இந்தத் துவாரம் இருக்கிறது. அதில் செருகும் கருவியை வாங்க எந்த உரிமமும் தேவையில்லை.

நான் என்னுடையதை சிம் லிம் டவரில் வாங்கினேன். தேக்கா நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். சிம் லிம் ஸ்குவேரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே மடிக்கணினி கிடைக்கும். இங்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வயரும் சாலிடரும். பக்கத்தில் இருந்த சுங்கே ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, அந்த வட்டாரத்தில் மின்னணுச் சாமான் தேடி அலைபவர்களுக்கு மிச்சம் இருக்கும் இடங்களில் இது ஒன்று. 18 வெள்ளி கொடுத்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு புளூடூத் கருவியை வாங்கினேன். இதன் மூளையாக இருக்கும் இஎல்எம்327 சில்லை வடிவமைத்தது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ். அந்நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது உலகம் முழுக்க விற்பனையாவதில் பெரும்பாலானவை நகல்கள்தாம்.

கருவியைச் செருகி, கைப்பேசியில் இலவசச் செயலி ஒன்றைத் திறந்ததும் வேன் பேச ஆரம்பித்தது. நீங்கள் ஒரு கேள்வி எண்ணை அனுப்ப வேண்டும். இன்ஜின் கணினி பதில் எண்ணை அனுப்பும். கேள்வி எண் 5 என்றால் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை. பதில் 130 என்று வந்தால், அதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும்: 90 டிகிரி செல்சியஸ். எதற்காகக் கழிப்பது? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். குளிர்நாடுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். 40ஐக் கூட்டி அனுப்பினால் மைனஸ் குறி தேவைப்படாது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது ஒரு பைட்டுக்குள் அடங்காது. அதனால் இரண்டு பைட் வரும். முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். எனக்கு 12, 128 என்று வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 800 சுற்று. வேன் நின்ற இடத்தில் அமைதியாக உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு பழுதுக் குறியீடுகளைக் கேட்டேன். மூன்று வந்தன: யு0131, யு0140, யு0151.

குறியீட்டின் முதல் எழுத்தைப் பார்த்தே கொஞ்சம் ஊகிக்கலாம். ‘பி’ என்றால் இன்ஜின், கியர் சார்ந்தது. ‘சி’ என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்ற அடிச்சட்டப் பாகங்கள். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தில் தொடங்கினால் கதவு, விளக்கு, காற்றுப்பை. (முதலாவதும் இதுவும் தமிழில் எழுதினால் ஒரே ‘பி’யாகிவிடுவதால் சுற்றி வளைக்கிறேன்.) ‘யு’ என்றால் வலையமைப்பு. மூன்றுமே ‘யு’. அதாவது ஸ்டியரிங் கணினி, உடற்பகுதிக் கணினி, காற்றுப்பைக் கணினி மூன்றிடமிருந்தும் செய்தி வரவில்லை என்று வேன் முறையிடுகிறது.

இங்கேதான் அந்தப் பட்டறையின் 2,400 வெள்ளிக் கணக்கு எனக்கு இடறியது. வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார், ஒரு மாணவனிடமிருந்து பதில் வரவில்லை. அவன் பள்ளிக்கு வராமல் இருக்கலாம், தூங்கலாம், கதவுக்கு வெளியே நிற்கலாம். ‘பதில் இல்லை’ என்பது மட்டுமே ஆசிரியர் எழுதக்கூடிய உண்மை. யு0131 சொல்வதும் அவ்வளவுதான். ஸ்டியரிங் பெட்டி செத்துவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

அனுப்பியவர் பெயர் இல்லாத வாட்ஸ்அப் குழு

எதற்காக ஒரு வேனுக்குள் இத்தனை கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும்?

பழைய கார்களில் பேச்சே கிடையாது. ஒரு சுவிட்ச், ஒரு வயர், ஒரு விளக்கு. 1978ல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் மெர்சிடிஸ் காரில் வந்தது. மறு ஆண்டு, எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினி கவனிக்கும் ஏற்பாடு பிஎம்டபிள்யூவில் வந்தது. இரண்டையும் செய்து கொடுத்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். ஒவ்வொரு வசதி சேரும்போதும் ஒரு கட்டு வயரும் சேர்ந்தது. சக்கரத்தின் வேகம் ஏபிஎஸ்ஸுக்குத் தெரிய வேண்டும், கியருக்குத் தெரிய வேண்டும், வேகமானிக்கும் தெரிய வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி வயர் என்றால் கதவுக் கீல் வழியாக விரல் நுழையாது.

பாஷ் பொறியாளர்கள் 1983ல் இதற்கு விடை தேடத் தொடங்கி, 1986ல் வெளியிட்ட முறைக்குப் பெயர் ‘கேன்’. இரண்டே வயர். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கார் முழுக்க ஓடும். எல்லாக் கணினிகளும் அந்த இரண்டு வயரிலேயே தொங்கும். யார் எதைச் சொன்னாலும் எல்லார் காதிலும் விழும். தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் போல. ஒரே ஒரு வித்தியாசம், இந்தக் குழுவில் அனுப்பியவரின் பெயர் தெரியாது. செய்தியின் மேலே ‘இது எதைப் பற்றியது’ என்ற ஓர் எண் மட்டும் இருக்கும். அதன் பின்னே அதிகபட்சம் எட்டு பைட் தகவல்.

இரண்டு கணினிகள் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் அனுப்பும்போதே கணினி வயரைக் கேட்டுக்கொண்டும் இருக்கும். சுழியத்தை அனுப்புபவர் வயர்களை விலக்கிப் பிடிக்கிறார்: ஒன்று 3.5 வோல்ட், மற்றது 1.5 வோல்ட். ஒன்றை அனுப்புபவர் எதுவும் செய்வதில்லை; இரண்டும் 2.5 வோல்ட்டில் சேர்ந்து நிற்கும். ஆக, ஒருவர் சுழியமும் மற்றவர் ஒன்றும் அனுப்பினால் வயரில் தெரிவது சுழியம். ‘நான் ஒன்று அனுப்பினேன், சுழியம் கேட்கிறதே’ என்று உணர்ந்தவர் உடனே வாயை மூடிக்கொள்வார். சிறிய எண் உள்ள செய்தி சிதையாமல் அப்படியே போய்ச் சேரும். தோற்றவர் அது முடிந்ததும் மீண்டும் முயல்வார். அதனால் அவசரமான செய்திகளுக்குச் சிறிய எண் கொடுக்கிறார்கள். தலைவரும் இல்லை, வரிசை எண் சீட்டும் இல்லை. மீன் கடையில் கூட்டம் தானாக ஒழுங்காவதுபோல், விநாடிக்கு ஐந்து லட்சம் பிட் வேகத்தில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை வந்துவிட்டது. மறுபடியும் சிம் லிம் டவர். எம்சிபி2515 என்ற கேன் சில் பொருத்திய நீல நிறச் சிறு பலகை ஒன்று வாங்கி, வீட்டில் இருந்த ஆர்டுயினோவுடன் இணைத்தேன். அந்தச் சில்லில் ‘கேட்பது மட்டும்’ என்ற ஒரு நிலை உண்டு, அதில்தான் வைத்தேன். சொந்த வேனாக இருந்தாலும் ஓடும் வலையமைப்புக்குள் தெரியாமல் செய்தி அனுப்புவது விளையாட்டல்ல. செய்து பார்க்க விரும்பும் தம்பி, தங்கைகளும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரையில் எண்கள் அருவியாகக் கொட்டின. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மாமா பிரேக்கை மிதிக்க, நான் எந்த எண் மாறுகிறது என்று பார்க்க, அரைமணி நேரம் போனது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஒரு செய்தியின் இரண்டு பைட் ஏறியது. நடுவுக்கு வந்து வலப்பக்கம் போனதும் சட்டென்று 65,000க்கு மேல் தாவியது. பழுது இல்லை, எதிர்மறை எண்களை இரும எண்ணில் எழுதும் முறை அது. முதலாண்டுப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்த ஒன்று, மீன் வாடை வீசும் வேனுக்குள் திடீரென்று உயிரோடு வந்து நின்றது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி இறுக்கிப் பிடித்தபோது அந்தச் செய்தி அப்படியே நின்றுபோனது. மூன்று விளக்குகளும் எரிந்தன.

“எர்த் பார்ப்போம்”

எதைச் செய்தால் பழுது வருகிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பது தெரியவில்லை. அதற்கு நாங்கள் போன இடம் சின் மிங் வட்டாரத்தில் ஒரு சிறிய பட்டறை. அங்கே மின்வேலை பார்க்கும் அண்ணன் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வருபவர். கேனைக் கண்டுபிடித்த பாஷ் நிறுவனத்தின் வட்டாரத் தலைமையகம் பீஷானில், அவர் பட்டறையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்று நான் சொன்னபோது, “அப்படியா, அங்க சாப்பாடு எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

என் குறியீட்டுப் பட்டியலை ஒருமுறை பார்த்தார். “மூணும் ஒரே நேரத்துல சாகாது தங்கச்சி. நம்பர் இருக்கட்டும், முதல்ல லைன் பார்ப்போம், அப்புறம் எர்த் பார்ப்போம்,” என்றார்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த 16 துளைகளில் ஆறாவதிலும் பதினான்காவதிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். கேன் வயர்கள் வெளியே தலைகாட்டும் துளைகள் அவை. திரையில் 60 ஓம். “லைன் ஓகே.” ஏன் 60 என்பது புத்தகத்தில் படித்திருந்தேன். வயரின் இரண்டு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அலை முனையில் மோதித் திரும்பி வராமல் இருப்பதற்காக. இரண்டும் இணையாக இருப்பதால் அளந்தால் 60. ஒரு பக்கம் அறுந்திருந்தால் 120 காட்டும். இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் வரும். பல கணினிகள் தொங்கும் ஒரு வலையமைப்பின் உடல்நலத்தை ஒரே அளவையில் சொல்லிவிடலாம். எந்தச் செயலியும் வேண்டாம்.

அடுத்து எர்த். வாகனத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போக ஒரு வயர் இருக்கும். திரும்பி வருவதற்கு வாகனத்தின் இரும்பு உடலே வயர். சாதனத்தின் எர்த் வயரை உடலில் ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அண்ணன் பேட்டரியை மறுபடி மாட்டி இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை ஸ்டியரிங் பெட்டியின் எர்த் வயரில். சரியான இணைப்பாக இருந்தால் 0.1, அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். 0.6 காட்டியது. “இப்ப ஸ்டியரிங்கை ஃபுல்லா திருப்புங்க அங்கிள்,” என்றார். மாமா திருப்பினார். 4.6.

அவ்வளவுதான் விஷயம். ஸ்டியரிங் மோட்டார் பலமாக இழுக்கும்போது பல பத்து ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அது திரும்பி வரும் வழியில் தடை இருந்தால், கிடைக்க வேண்டிய 13 வோல்ட்டில் நாலரை வோல்ட் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். மிச்சத்தில் ஸ்டியரிங் கணினியால் விழித்திருக்க முடியாது, மயங்கி விழுகிறது. இன்ஜின் கணினி அதன் பெயரைக் கூப்பிடுகிறது, பதில் இல்லை.

அண்ணன் இடப்பக்கக் கால்வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கினார். உள்ளே ஈரம். பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் காத்திருந்துவிட்டுத்தான் (காற்றுப்பை வயர்கள் அருகில் இருக்கின்றன) ஓரத்து மூடியைப் பிரித்தார். ஒரே போல்ட்டில் மூன்று எர்த் வயர்கள். ஸ்டியரிங், உடற்பகுதி, காற்றுப்பை. போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் செம்மண் நிறமுமாகத் துரு பூத்திருந்தது. பின்னால் மீன் பெட்டியின் பனிக்கட்டி உருகி, பிரேக் போடும்போதெல்லாம் உப்புநீர் முன்னால் ஓடிவந்து, விரிப்புக்கு அடியில் தேங்கி, வருடக்கணக்காக அந்த இரும்பைத் தின்றிருக்கிறது.

தேய்த்துச் சுத்தம் செய்து, புது முனை, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவ நாற்பது நிமிடம். 60 வெள்ளி. மறுபடி அளந்தார்: ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியும் 0.1ஐத் தாண்டவில்லை. பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடியும் தட்டு வைக்கச் சொல்லி மாமாவுக்கு ஒரு திட்டு.

முதல் பட்டறை ஏமாற்றப் பார்த்தது என்று நான் சொல்லமாட்டேன். கருவி ‘ஸ்டியரிங்’ என்று காட்டியது, அவர்கள் ஸ்டியரிங்கை மாற்றச் சொன்னார்கள். பழுதுக் குறியீட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. மாற்றியிருந்தாலும், துருப்பிடித்த அதே எர்த்தில்தான் புதுப் பெட்டியும் உட்கார்ந்திருக்கும்.

நம்பிக்கையின் விலை

அந்த விடுமுறை முழுவதும் கேனைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒரு பயமும் வந்தது. அனுப்பியவரின் பெயர் இல்லாத குழு என்றேன் அல்லவா? 1980களில் அது பிரச்சினையே இல்லை. வயரைத் தொட வேண்டுமென்றால் காருக்குள் இருக்க வேண்டும்; காருக்குள் இருப்பவர் சாவி வைத்திருப்பவர். பிறகு காருக்குள் சிம் அட்டை வந்தது, வைஃபை வந்தது.

2015 ஜூலையில் சார்லி மில்லர், கிரிஸ் வாலசெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியால் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஓட்டியவர் விவரம் தெரிந்தே உடன்பட்ட ஒரு செய்தியாளர். பாட்டுப் பெட்டியின் இணைய இணைப்பு வழியாக நுழைந்து, அங்கிருந்து கேனுக்குள் போனார்கள். அதன் பின் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. 2022ல் லண்டனில், கார் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் சொந்தக் காரே திருடுபோனது. திருடர்கள் முன்விளக்குப் பக்கம் வரும் கேன் வயரைப் பிடித்து, ‘சரியான சாவி வந்துவிட்டது’ என்ற பொய்ச் செய்தியை அதில் ஏற்றியிருந்தார்கள். கார் நம்பிவிட்டது.

இதற்கு மருந்து இருக்கிறது. ஓபிடி துவாரத்துக்கும் உள் வலையமைப்புக்கும் நடுவே காவலாளியாக ஒரு கணினியை வைப்பது, செய்திகளுக்கு ரகசிய முத்திரை சேர்ப்பது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாம் இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். சிங்கப்பூரிலும் இந்த வேலை நடக்கிறது. தேக்காவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் இரண்டு நிலையம் தள்ளி, பூன் கெங்கில் கார் மின்னணுவியலுக்கென்றே ஒரு பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. காண்டினென்டல் என்ற பெயரில் இருந்தது, 2025ல் தனி நிறுவனமாகி ஆமோவியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாகனச் சில்லுகள் செய்யும் இன்ஃபினியனின் வட்டார அலுவலகம் காலாங்கில். பொறியியல் படிக்கும் நம்மில் பலர் ‘வேலைக்கு எங்கே போவது’ என்று கேட்கும்போது வங்கிகளும் செயலி நிறுவனங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. இவை பேருந்துச் சன்னலில் கடந்து போகும் கட்டடங்களாகவே இருந்துவிடுகின்றன.

ஆனால், மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. திருடனைத் தடுக்கும் அதே காவலாளி, சின் மிங் அண்ணனையும் தடுக்கிறான். அவர் பட்டறையில் நாங்கள் காத்திருந்தபோது வேறொரு புதிய கார் நின்றது. அவருடைய கருவி அதன் பழுதுக் குறியீட்டைப் படித்தது, அழிக்க அனுமதிக்கவில்லை. அதற்குத் தயாரிப்பாளரிடம் பதிந்து, கட்டணம் செலுத்திப் பெறும் இணையக் கடவுச்சொல் வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒன்று. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையால் எத்தனைக்குச் சந்தா கட்ட முடியும்?

இந்த இழுபறி புதிதல்ல. வெளிப் பட்டறையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று இங்குள்ள கார் விற்பனையாளர்கள் நிபந்தனை போட்டுவந்தார்கள். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதை அடுத்து, 2017 டிசம்பர் வாக்கில் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். அது காகிதத்தில் இருந்த பூட்டு. இப்போதைய பூட்டு மென்பொருளில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2020ல் வாக்களித்து, கார் தரும் தகவல்களை உரிமையாளரும் அவர் விரும்பும் பட்டறையும் பெற வழிசெய்யும் சட்டத்தை ஏற்றார்கள். கார் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்புத் தகவல்களை நியாயமான விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் விற்றாக வேண்டும். திருட்டுத் தடுப்பு சார்ந்த தகவல்களைப் பெற மட்டும் கூடுதல் சரிபார்ப்பு. என் கருத்தில் இந்த இரண்டாவது வழி சரி. பூட்டு இருக்கட்டும், ஆனால் சாவி வாங்குவதற்கு ஒரு முகப்பு இருக்க வேண்டும், வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருக்க வேண்டும்.

இங்கே இது அவசரமான கேள்வியும்கூட. 2024ல் சிங்கப்பூரில் பதிவான புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்கார். 2030 முதல் புதிதாகப் பதியும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தி வாகனங்களாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் புகையைக் கண்காணிக்கப் பிறந்தது ஓபிடி. புகையே இல்லாத வாகனத்துக்கு அந்த விதியின் பிடி எவ்வளவு என்பதை நாடுகள் ஒவ்வொன்றாக யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. மின்காரிலும் கேன் வயர்கள் உண்டு, எர்த் போல்ட் உண்டு, உப்புநீர் பட்டால் துருவும் உண்டு.

அண்ணன் அந்தப் புதிய காரின் உரிமையாளரிடம் பழுது என்னவென்று விளக்கினார். தன்னால் சரிசெய்ய முடியும், ஆனால் விளக்கை அணைக்க முடியாது என்றார். கொஞ்ச நேரத்தில் இழுவை வண்டி வந்தது. கார் விற்பனையாளரின் பட்டறைக்கு அதை ஏற்றிச் சென்றார்கள்.